அனுப்பர்பாளையம் டூ கோத்தகிரி: மலைப்பாதையில் சைக்கிள் ஏற்றுவது எப்படி? ஏறுவதைவிட இறங்குவது ஏன் ஆபத்து?

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை திருப்பூர் - அவிநாசி சாலையில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஹெல்மெட், கையுறை, தடித்த டயர் போட்ட சைக்கிள், முதுகில் சின்ன பை. வாரம் ஆறு நாள் கட்டிங் டேபிளிலும் மெர்ச்சண்டைசிங் டேபிளிலும் நின்றவர்கள், கிடைக்கிற ஒரே லீவு நாளில் வடமேற்குப் பக்கம் பெடல் மிதித்துக் கிளம்புகிறார்கள். எங்கே என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில், "மேட்டுப்பாளையம் வழியா கோத்தகிரிங்க!"

"ஏனுங்க, வீட்ல வண்டி நிக்கறப்ப எதுக்குங்க சைக்கிள்ல மலையேறிட்டு?" என்று டீக்கடையில் கேட்பவர்களுக்கு இந்தக் கட்டுரை பதில் சொல்லாது. போவது என்று முடிவு செய்தவர்களுக்குத்தான் இது. எந்தப் பாதை, என்ன கியர், எங்கே யானை, எது சட்டப்படி தப்பு, பிரேக் ஏன் கைவிடும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பாதை எப்படி இருக்கும்?

அனுப்பர்பாளையத்தில் இருந்து அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இந்த 50 கிலோமீட்டரும் கிட்டத்தட்ட சமதளம். திருப்பூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 300 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையமும் அதைவிடப் பெரிதாக உயரமில்லை. சிரமம் எல்லாம் அதற்குப் பிறகுதான். மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு. இன்னொன்று குஞ்சப்பனை, முள்ளூர், மாமரம், அரவேணு வழியாகக் கோத்தகிரிக்கு. கோத்தகிரி சாலை 33 கிலோமீட்டர். மேலே போய்ச் சேரும்போது உயரம் சுமார் 1,800 மீட்டர்.

அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் செங்குத்து உயரத்தை, முப்பது கிலோமீட்டருக்குள் ஏற வேண்டும். சராசரியாகப் பார்த்தால் 100 மீட்டர் போனால் 5 மீட்டர் ஏற்றம். கேட்க சுலபமாக இருக்கும். திருப்பூரில் பாலம் ஏறுகிற மாதிரிதானே என்று தோன்றும். பாலம் 200 மீட்டரில் முடிந்துவிடும். இது நாலரை மணி நேரம் முடியாது. அதுதான் வித்தியாசம்.

குன்னூர் சாலையிலும் ஏறலாம். ஆனால் 14 கொண்டை ஊசி வளைவுகள், பஸ், லாரி, டூரிஸ்ட் வேன் என்று நெரிசல் அதிகம். முதல் முறை போகிறவர்களுக்குக் கோத்தகிரி சாலைதான் நல்லது. ஒரே ஒரு எச்சரிக்கை: கோடை சீசனில் போலீஸார் ஒருவழிப் பாதை அமல்படுத்துவார்கள். ஊட்டிக்குப் போகிற வண்டிகள் குன்னூர் வழியாக ஏறும், திரும்புகிற வண்டிகள் கோத்தகிரி வழியாக இறங்கும். அந்த நாட்களில் நீங்கள் ஏறுகிற சாலையில் மொத்த ஊட்டிக் கூட்டமும் எதிரே இறங்கி வரும். ஏப்ரல், மே மாதங்களில் இந்தப் பயணத்தைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம்.

இருநூறு வருடப் பாதை

நீலகிரிக்கு வெள்ளைக்காரர்கள் போட்ட முதல் பாதை இந்தப் பக்கம்தான் போனது என்பது பலருக்குத் தெரியாது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலை ஏறினார். அதன் பிறகு மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறுமுகையில் இருந்து, கோத்தகிரியை ஒட்டிய திம்பட்டி வரை ஒரு குதிரைப் பாதை வெட்டப்பட்டது. 1823 மே மாதம் அந்த வேலை முடிந்தது. கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கு கிராமத்தில் சல்லிவன் கட்டிய பங்களா இன்றும் நினைவகமாக நிற்கிறது. குன்னூர் வழிப் பாதையெல்லாம் 1830-களின் கதை.

சல்லிவனுக்கு முன்னால் மலைக்குப் பாதையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். படுகர், கோத்தர், தோடர், இருளர், குறும்பர் என்று அங்கே மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். அவர்கள் ஏறி இறங்கிய ஒற்றையடித் தடங்கள் இருந்தன. கோத்தகிரி என்ற பெயரே கோத்தர்களின் மலை என்பதில் இருந்து வந்ததுதான்.

"அப்போ அந்தப் பழைய குதிரைப் பாதையிலேயே மவுண்டன் பைக் ஓட்டலாமே?" என்ற கேள்வி இங்கேதான் வரும். உலகம் முழுக்க மவுண்டன் பைக் என்ற விளையாட்டே இப்படிப் பழைய மலைத்தடங்களில் பிறந்ததுதான். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் கிரஸ்டட் பியூட் என்ற சின்ன ஊர். 1976-ல் அந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேர், பழைய கனமான சைக்கிள்களை எடுத்துக்கொண்டு, 3,800 மீட்டருக்கு மேல் இருக்கும் பேர்ல் கணவாயைத் தாண்டி ஆஸ்பென் நகருக்குப் போனார்கள். மோட்டார் பைக்கில் கணவாயைக் கடந்து வந்து அலட்டிக்கொண்ட ஆஸ்பென்காரர்களுக்குப் பதிலடி அது. அந்தப் பயணம் பிறகு ஆண்டு விழாவாகவே மாறியது. 20 வருடம் கழித்து, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் ஒரு போட்டியாகச் சேர்ந்தது.

ஆனால் நீலகிரி கொலராடோ இல்லை. இங்கே சட்டம் வேறு, காடும் வேறு.

காட்டுக்குள் சைக்கிள் ஓட்டலாமா?

கூடாது. இதில் 'அப்படியே கண்டுக்காம விட்ருவாங்க' என்பதெல்லாம் கிடையாது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். நடந்து போனாலும், சைக்கிளில் போனாலும் ஒன்றுதான். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்து வரும்.

2018 மார்ச் 11-ம் தேதியை மறந்திருக்க மாட்டீர்கள். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ட்ரெக்கிங் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளையே கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகள் ஆன்லைன் பதிவுடன் திறக்கப்பட்டன. அது வழிகாட்டியோடு நடந்து போவதற்கான திட்டம். சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போய் நிற்க வேண்டாம்.

அப்படியானால் தடித்த டயருக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. கோத்தகிரிக்கு மேலே போய்விட்டால், ஹட்டிகளுக்குப் போகும் ஊராட்சிச் சாலைகள், கோடநாடு காட்சிமுனைக்குப் போகும் சாலை, கேத்தரின் அருவி பக்கம் போகும் சாலை என்று ஏறி இறங்கி ஓட்ட எவ்வளவோ இருக்கின்றன. பாதி இடத்தில் தார், பாதி இடத்தில் ஜல்லி. தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் மண் பாதைகள் தோட்டக்காரருக்குச் சொந்தம்; கேட்டுவிட்டுப் போங்கள். 'சும்மா போய்ட்டு வந்துடறோம் அண்ணா' என்று ஒரு வார்த்தை சொன்னால், காட்டுமாடு நிற்கிறதா என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

வீட்டு சைக்கிளில் ஏன் ஏற முடியாது?

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். உங்கள் எடை 70 கிலோ, சைக்கிள் 14 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போக, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் சுமார் 90 வாட் சக்தி வேண்டும். டயர் உராய்வையும் சேர்த்தால் 110 வாட் பக்கம் வரும். ஓரளவு பயிற்சி உள்ளவரால் இதை மணிக்கணக்கில் கொடுக்க முடியும். சக்தி பிரச்னை இல்லை. அதைக் கொடுக்கும் விதம்தான் பிரச்னை.

பழைய வீட்டு சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்பது வழக்கமான அமைப்பு. பெடலை ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் ஐந்தரை மீட்டர் நகரும். மணிக்கு 8 கிலோமீட்டரில் போக வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 25 சுற்றுதான் மிதிப்பீர்கள். ஒவ்வொரு மிதியும் படிக்கட்டில் அரிசி மூட்டை தூக்குகிற மாதிரி இருக்கும். முழங்கால் முதலில் போகும்.

கியர் சைக்கிளில் முன்னால் 32 பல், பின்னால் 34 பல் போட்டால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர்தான். அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 65 சுற்று மிதிக்கலாம். ஒவ்வொரு மிதியிலும் கொடுக்க வேண்டிய அழுத்தம் பாதிக்கும் கீழே வந்துவிடும். முன்னால் 22 பல் இருக்கும் மூன்று தட்டு மாடல் என்றால் இன்னும் சுலபம். நடக்கிற வேகத்தில் போனாலும் நிற்காமல் போகலாம். எனவே மலைக்கென்று சைக்கிள் வாங்குகிறவர்கள் கம்பெனி பெயரையும் பெயின்ட்டையும் பார்ப்பதற்கு முன்னால், முன்னாலும் பின்னாலும் எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள். முன்பக்கச் சின்னத் தட்டைவிடப் பின்பக்கப் பெரிய தட்டில் பல் அதிகமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம்.

மேட்டுப்பாளையம் மலை ரயிலுக்கும் இதே தொல்லைதான் வந்தது. கல்லாறு முதல் குன்னூர் வரை சுமார் 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். சாதாரண சக்கரம் வழுக்கிவிடும் என்பதால் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டையைப் போட்டு, 1899-ல் குன்னூர் வரை ரயிலை ஏற்றினார்கள். நல்லவேளை, நம் கோத்தகிரி சாலையில் சராசரி ஏற்றம் அதைவிடக் குறைவு.

என்ன சாப்பிட வேண்டும்?

மேட்டுப்பாளையத்தில் இருந்து மேலே ஏற மட்டும் தோராயமாக 1,200 முதல் 1,500 கிலோ கலோரி செலவாகும். இட்லிக் கணக்கில் சொன்னால் இருபதுக்கு மேல். அதை ஒரே மூச்சில் சாப்பிட்டுவிட்டு ஏற முடியாது, ஏறவும் கூடாது. கிளம்பும் முன் நான்கு இட்லி, பிறகு அரை மணிக்கு ஒரு முறை வாழைப்பழம், கடலை மிட்டாய், பேரீச்சை என்று கொஞ்சம் கொஞ்சமாக. பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் லேட். கண் இருட்டிக்கொண்டு வந்து ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டால், அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது.

தண்ணீர் இரண்டு லிட்டராவது வேண்டும். ஆனால் நீலகிரி மாவட்டத்தில் ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. மேலே கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று போனால் கிடைக்காது. கையில் கொண்டு போனால் அபராதம். சைக்கிளில் மாட்டும் நிரந்தரப் பாட்டிலை எடுத்துப் போங்கள். வழியில் குடிநீர் ஏடிஎம்கள் வைத்திருக்கிறார்கள், நிரப்பிக்கொள்ளலாம்.

திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. நம்ம ஊர் காட்டன் பனியனை நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம்தான். ஆனால் காட்டன் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. மேலே போனதும் காற்று குளிர். நனைந்த பனியனோடு இறங்கினால் பத்தே நிமிடத்தில் உடம்பு நடுங்க ஆரம்பிக்கும், விரல் மரத்துப் போகும், பிரேக் பிடிக்க முடியாது. பாலியஸ்டர் நிட்டிங் ஜெர்ஸி வியர்வையை வெளியே இழுத்துக் காய வைக்கும். அதுவும் நம்ம ஊரிலேயே தைக்கிற சரக்குதான், மனசு நோக வேண்டியதில்லை. காட்டனே வேண்டும் என்றால் மாற்று பனியன் ஒன்றும் காற்றுத் தடுப்பு ஜாக்கெட் ஒன்றும் பையில் இருக்கட்டும்.

உண்மையான ஆபத்து இறக்கத்தில்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

ஏறும்போது நீங்கள் மூச்சு வாங்கி உழைத்துச் சேர்த்த ஆற்றல் எங்கேயும் போகவில்லை. 84 கிலோ எடையை 1,450 மீட்டர் தூக்கி வைத்திருக்கிறீர்கள். இறங்கும்போது அந்த ஆற்றல் மொத்தமும் வெளியே வந்தாக வேண்டும். எவ்வளவு? அனுப்பர்பாளையத்தில் அடித்த பித்தளைப் பாத்திரத்தில் நான்கு லிட்டர் தண்ணீரை ஊற்றிக் கொதிக்க வைக்கத் தேவையான வெப்பம் அது. கொஞ்சம் காற்றோடு போகும், கொஞ்சம் டயரில் போகும். மீதி எல்லாம் விரல் நீளப் பிரேக் கட்டைகளுக்கும் ஒரு மெல்லிய இரும்புத் தட்டுக்கும்தான்.

பயந்து பயந்து, பிரேக்கைக் கெட்டியாகப் பிடித்தபடியே மெதுவாக இறங்குகிறவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம். வேகம் குறைவு என்பதால் காற்று எதையும் வாங்கிக்கொள்ளாது. வெப்பம் முழுக்கப் பிரேக்கில் ஏறும். ரிம்மைப் பிடிக்கிற பிரேக் என்றால் ரிம் சுட்டு, உள்ளே ட்யூப் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக் என்றால் பேட் பளபளப்பாகிப் பிடிமானம் போகும். ஆயில் பிரேக்கில் பழைய ஆயிலுக்குள் ஈரம் இருந்தால் அது கொதித்து, லீவர் ஹேண்டில்பார் வரை மொத்தமாக அமுங்கிவிடும். ஒரு வளைவு பாக்கி இருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மவுண்டன் பைக் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. 1976-ல் கலிபோர்னியாவில் ஒரு மலைச்சரிவில் நண்பர்கள் சேர்ந்து இறக்கப் போட்டி நடத்தினார்கள். பின் சக்கரத்து ஹப்புக்குள்ளேயே இருந்த பிரேக் சூடாகி, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறை இறங்கிய பிறகும் புதுசாக கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் போட்டிக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது.

சரி, என்ன செய்வது? தொடர்ந்து தேய்க்காதீர்கள். நேர் சாலையில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழையும்போது தளர்த்துங்கள். வளைவுக்கு உள்ளே போய் முன் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கும். ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு முறை பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆற விடுங்கள். ரிம்மையோ டிஸ்க்கையோ தொட்டுப் பார்க்கிற ஆசை வரும். தொடாதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். கிளம்புவதற்கு முந்தின நாள் பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கேபிளில் பிசிறு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லைதான். இந்தச் சாலையில் அதைக் காரணம் சொல்பவரோடு சேர்ந்து போகாதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், முதல் முறை ஏறுகிறவர் இறங்கவே வேண்டாம். ஏறிவிட்டு, சைக்கிளை ஒரு பிக்-அப் வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டு வாருங்கள். களைத்த உடம்பு, மரத்த விரல், மாலை மூடுபனி மூன்றும் சேரும் நேரத்தில் இறக்கத்தைக் கற்றுக்கொள்வது நல்ல யோசனை இல்லை.

யானை வந்தால்?

குஞ்சப்பனை சோதனைச் சாவடியைச் சுற்றியுள்ள பகுதி யானைகள் சாலையைக் கடக்கும் இடம். பலாப்பழ சீசனில் குட்டிகளோடு கூட்டமாக வரும். முள்ளூர், மாமரம் வரைக்கும் நடமாட்டம் உண்டு. சைக்கிளில் சத்தம் வராது என்பது நமக்கு சுகம். யானைக்கு அது அதிர்ச்சி. வளைவில் திடீரென்று பத்தடியில் நீங்கள் முளைத்தால் அது என்ன செய்யும்?

அதனால் விடிந்து வெளிச்சம் நன்றாக வந்த பிறகே, ஆறரை ஏழு மணிக்கு மேல்தான் மேட்டுப்பாளையத்தைத் தாண்ட வேண்டும். மாலை ஐந்துக்குள் மலைச்சாலையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். யானையைப் பார்த்தால் தூரத்திலேயே நின்று, பின்னால் வரும் பஸ்ஸுக்காகக் காத்திருங்கள். பெல் அடிப்பது, செல்ஃபி எடுப்பது, ஓரமாக நுழைந்து கடப்பது எதுவும் வேண்டாம். அரவேணுவுக்கு மேலே தேயிலைத் தோட்டங்களில் காட்டுமாடு சாதாரணமாக மேயும். சாது மாதிரி நிற்கும். நம்பி அருகில் போகக் கூடாது. இரவில் கரடியும் உண்டு. குரங்குகளுக்குப் பையில் வாழைப்பழம் இருப்பது எப்படியோ தெரிந்துவிடும்.

எப்போது போகலாம்?

ஜனவரி, பிப்ரவரி சரியான நேரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நீலகிரியில் அந்த மாதங்களில் மண்சரிவு அபாயம் உண்டு. 2009 நவம்பரில் பெய்த மழையில் மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கோத்தகிரி ஏறிப் பழகியவர்கள் அடுத்து எதைப் பார்க்கிறார்கள் என்றால், மசினகுடியில் இருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதை. 36 கொண்டை ஊசி வளைவுகள், தூரம் குறைவு, செங்குத்து அதிகம். 2008 முதல் டிசம்பர் மாதங்களில் நடந்து வரும் 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' சைக்கிள் பயணத்தில் பலரை இறங்கித் தள்ள வைத்த ஏற்றம் அது. கோத்தகிரியை மூன்று நான்கு முறை நிற்காமல் ஏறிய பிறகு அதை யோசிக்கலாம்.

கடைசியாக, நாள் கணக்கு. அனுப்பர்பாளையத்தில் இருந்தே மிதித்துக் கிளம்பினால் ஒரு வழிக்கே 83 கிலோமீட்டர். பழகியவர்களுக்குச் சரி. புதியவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரு டெம்போ பேசி, ஐந்து மணிக்குச் சைக்கிள்களை ஏற்றி மேட்டுப்பாளையத்தில் இறங்கி, ஏழு மணிக்கு மிதிக்க ஆரம்பித்தால் பன்னிரண்டு மணிக்குள் கோத்தகிரியில் சாப்பாடு. மேட்டுப்பாளையத்துக்கு மேலே சைக்கிள் பஞ்சர் கடை கிடைப்பது கஷ்டம். மாற்று ட்யூப் இரண்டு, கைப்பம்பு, டயர் கழற்றும் லீவர் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும் என்பதால், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.